ரெட்டுக்கு ஃபாலோ

திருவொற்றியூர் தேரடியில் ஆரம்பித்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் வீடு வீடாகப் போய்க் கேட்டுப் பாருங்கள், பிள்ளைகளே. "ஃபாலோ உட்கார்ந்து நான் பார்த்தேன்" என்று ஒரே ஒரு ஆள் சொல்லிவிட்டால் போதும். நான் எழுதிய இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கப்பல் செய்து மழைத் தண்ணீரில் விட்டுவிடுங்கள்.

அந்த மனிதர் உட்காரவே மாட்டார். டீயை நின்றுகொண்டு குடிப்பார். பேப்பரை நடந்துகொண்டு படிப்பார். கல்யாணப் பந்தியில் தோளை அழுத்தி உட்கார வைக்கப் பார்த்தால், பாயசம் வருவதற்குள் சாம்பார் வாளியோடு எதிர்வரிசையில் பரிமாறிக்கொண்டிருப்பார். தாலி கட்டும்போதுகூடப் பாதி எழுந்த மாதிரிதான் இருந்தார் என்று அவர் வீட்டுக்காரி அஞ்சலாக்கா சொல்வார். சொல்லிவிட்டு, "அப்பவே எனுக்கு டவுட்டு வந்திருக்கணும்" என்பார்.

கால் இப்படி என்றால் கை அதைவிட மோசம். வலது கை விரல் எப்போதும் எதையாவது சுண்டிக்கொண்டே இருக்கும். டீக்கடைக் கல்லாமேல் பட்டாணியை வைத்தால் சுண்டுவார். ஒரு வளைகாப்பில் தட்டிலிருந்த வடையைச் சுண்டி, மூன்று இலை தாண்டி இருந்த சட்னிக் கிண்ணத்துக்குள் நேராக விழவைத்தார். அது யாருடைய கிண்ணமோ அந்தப் பெரியம்மா வையவில்லை. "இன்னொரு தபா போடு, பாக்கலாம்" என்றார்.

காரணம் கேரம். எங்கள் பக்கத்தில் தெருமுனைக்குத் தெருமுனை ஒரு கேரம் போர்டு கிடக்கும். மேலே ஒரு குண்டு பல்பு தொங்கும். சுற்றிலும் ஆடுகிறவர்கள் நாலு பேர், ஆட்டம் சொல்லித் தருகிறவர்கள் நாற்பது பேர். அந்த போர்டில் எல்லாரும் ஸ்டூல் போட்டு ஆடினால் ஃபாலோ மட்டும் நின்றபடி ஆடுவார். பகலில் வெல்டிங் பட்டறை, சாயங்காலம் கேரம். இதற்கு நடுவே சாப்பாடு, அதுவும் நின்றபடிதான்.

ஆட்டம் தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்லிவிடுகிறேன். போர்டில் நடுவே ஒரு சிவப்புக் காய் இருக்கும். அதுதான் ரெட்டு. அதைக் குழியில் தள்ளினால் மட்டும் உங்களுடையது ஆகிவிடாது. உடனே உங்கள் சொந்தக் காய் ஒன்றையும் தள்ள வேண்டும். அதற்குப் பெயர்தான் ஃபாலோ; எங்கள் தெருச் சட்டப்படி அதை ஜோடியாக ஆடுகிறவரும் தள்ளலாம். ஃபாலோ விழவில்லையா, குழிக்குள் போன ரெட்டு வெளியே வந்து பழையபடி நடுவில் உட்கார்ந்துகொள்ளும்.

நம் ஆளின் ஜோடி யார் தெரியுமா? கட்சியின் வட்டச் செயலாளர். வட்டச் செயலாளர் என்று முழுசாகச் சொல்ல எங்கள் தெருவில் யாருக்கும் பொறுமை இல்லை என்பதால் அவர் பெயர் 'வட்டம்' என்றே ஆகிவிட்டது. ஆளும் கொஞ்சம் அப்படித்தான் இருப்பார். வட்டம் ரெட்டு போடுவதில் மன்னன். போட்டதும் கையைத் தூக்கி நாலு பக்கமும் கும்பிடுவார், கைத்தட்டல் வாங்குவார். அதற்குள் இவர் சத்தமில்லாமல் ஃபாலோவைத் தள்ளிவிட்டு அடுத்த காயைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படி வந்த பெயர்தான் ஃபாலோ. நிஜப் பெயர் என்னவென்று தெருவில் யாருக்கும் தெரியாது. அதனால் பின்னால் வந்த வம்பைச் சொல்கிறேன்.

கட்சி என்றேனே, எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். எங்கள் தொகுதியில் கட்சி என்றால் ஒன்றுதான். ஒரே ஒரு ஓட்டல் இருக்கும் தெருவில் "ஓட்டலுக்குப் போய்ட்டு வரேன்" என்றால் எந்த ஓட்டல் என்று யாராவது கேட்பார்களா? வோட்டு எண்ணுகிற அன்றைக்கு எங்கள் தெருவில் யாரும் டிவி முன்னால் நகம் கடித்ததில்லை. பட்டாசை முதல் நாளே மொட்டைமாடியில் காயப்போட்டு வைத்திருப்பார்கள்.

இனி ரோட்டுக்கு வருவோம். எங்கள் தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே துறைமுகத்துக்குப் போகிற பெரிய ரோடு. கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் லாரிகள், ஒன்றின் வாலை ஒன்று பிடித்த மாதிரி, காலையும் மாலையும் போய்க்கொண்டே இருக்கும். கடப்பதற்கு வழி கிடையாது. பிள்ளைகள் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இடைவெளி தெரிந்ததும் ஓடுவார்கள். பெற்ற நாங்கள் பள்ளிக்கூட மணி கேட்கிற வரை வாசலைவிட்டு உள்ளே போக மாட்டோம்.

அங்கே மேலே ஏறிக் கடக்க ஒரு நடைபாலம் கட்டித் தருவதாக ஒவ்வொரு தேர்தலிலும் கட்சி சொல்லும். ஒரு தேர்தலின்போது ரோட்டோரத்தில் அடிக்கல்லே நட்டுவிட்டார்கள். நல்ல பளிங்குக் கல். ஆடுகள் படுத்து வழவழப்பாகிவிட்டது. ஃபாலோ தினமும் பட்டறைக்குப் போகும்போது அந்தக் கல்லைப் பார்த்து, "ரெட்டு போட்டாச்சு. ஃபாலோ யாரு போடுறது?" என்று கேட்டுவிட்டுப் போவார். ஆடு அசைபோட்டுக்கொண்டிருக்கும்.

போன சட்டசபைத் தேர்தலுக்கு முன்னால் அது நடந்தது. என் மகள் ரோட்டைக் கடக்க ஓடினாள். பாதியில் பயந்து திரும்பி ஓடிவந்துவிட்டாள். ஆனால் அவள் கையிலிருந்த டிபன் பாக்ஸ் திரும்பி வரவில்லை. ஒரு டிரெய்லர் அதன்மேல் ஏறிப் போனது. பின்னால் வந்தவையும் ஏறின. லாரிகள் விட்ட இடைவெளியில் ஃபாலோ போய் அதை எடுத்து வந்தார். எலுமிச்சை சாதத்தோடு ஒரு தட்டாக ஆகியிருந்தது. மகள் அழுதாள். "அழுவாத பாப்பா. பாக்ஸ்தான போச்சு, நீ பத்திரமா கீறல்ல" என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் விரல் எதையும் சுண்டவில்லை. நான் கவனித்தேன்.

அன்று சாயங்காலம் கட்சி வேட்பாளர் எங்கள் தெருவுக்கு வந்தார். மேளம், மாலை, ஆரத்தி. ஃபாலோ கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அந்த நசுங்கிய டிபன் பாக்ஸை நீட்டினார். பேச வாயைத் திறப்பதற்குள் வேட்பாளர் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பின்னால் இருந்தவரிடம் கொடுத்துவிட்டார். யாரோ நினைவுப் பரிசு தருகிறார்கள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. ஃபாலோ கழுத்தில் ஒரு சால்வை விழுந்தது. ஒரு போட்டோவும் எடுத்தார்கள். ஊர்வலம் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

சால்வையோடு நின்ற ஃபாலோவைப் பார்த்துத் தெருவே சிரித்தது. அவர் சால்வையை மடித்தார். "நானும் நிக்கிறேன்" என்றார்.

"நீ எப்பவும் நின்னுகினுதான கீற" என்றார் அஞ்சலாக்கா.

"எலெக்ஷன்ல."

முன்மொழிய ஆள் வேண்டுமே. கேரம் ஆடுகிறவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் கட்சிக்காரர்கள்தான். ஆடுகிற சுவாரஸ்யத்தில் தலையைத் தூக்காமலே போட்டுவிட்டார்கள். சின்னம் எது வேண்டும் என்று கேட்டபோது அவர் ஒரே சொல்லில் கேரம் போர்டு என்றார். கிடைத்தும் விட்டது.

வட்டத்துக்கு விஷயம் போனது. டீக்கடைக்கு வந்தார். நேராக ஃபாலோவிடம் போனார்.

"இன்னா மாமு, என்கூட ஜோடி போட்டு ஆடிகினு எனுக்கே ஆப்பு வெக்கிறியா?"

"உனுக்கு இன்னாத்துக்கு நைனா வெக்கப் போறேன்? நீ ரெட்டு போடு. சோக்கா போடு. நான் ஃபாலோ கேக்குறேன், அவ்ளோதான்."

"பாலம் இந்த தபா கண்டிப்பா வந்துரும்னு மேல சொல்லிகீறாங்க."

"ரெட்டு திரும்ப நடுவுல வந்து குந்திகினு கீதுன்னு நான் சொல்றேன். நீ அடுத்த போர்டு பத்திப் பேசினு கீற."

வட்டம் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே போர்டில் நிற்கவில்லை.

பிரச்சாரம் ஆரம்பித்தது. ஃபாலோ ஒரு கேரம் போர்டைக் கயிறு கட்டி முதுகில் மாட்டிக்கொண்டார். தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்று நடுவட்டத்தைப் பட்டறையிலிருந்த ரெட் ஆக்சைடு பெயின்ட்டால் பெரிதாக அடித்துக்கொண்டார். வீடு வீடாக வோட்டுக் கேட்கப் போனார். ஆனால் ஒரு வாசலில் நிற்கக் கால் தரிக்க வேண்டுமே! கதவைத் தட்டுவார். வீட்டுக்காரம்மா வருவதற்குள் நாலு வீடு தாண்டிப் போயிருப்பார். "யாரோ கரண்ட்டு மீட்டர் பாக்க வந்தாங்க, பாக்காமயே போய்ட்டாங்க" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

கடைசியில் அஞ்சலாக்காதான் யோசனை சொன்னார். நீ நிற்க மாட்டாய், ஜனங்கள் எங்கே நிற்கிறார்களோ அங்கே போ என்றார். ஜனங்கள் நிற்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். பள்ளிக்கூட நேரத்தில் அந்த ரோட்டோரம்.

மறுநாள் காலை அங்கே போனார். எல்லாரும் பார்க்கட்டும் என்று முதுகிலிருந்த போர்டைக் கழற்றி இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினார். தூக்கியபடியே திரும்பினார்.

துறைமுகத்துப் பக்கமிருந்து வந்த ஒரு டிரெய்லர் பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் கண்ணுக்கு எட்டிய வரை எல்லாம் நின்றன.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. முதல் வண்டியின் டிரைவர் தலையை நீட்டி, என்ன விஷயம் என்று பணிவாக விசாரித்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். "பெருசா செவப்பு வட்டம் தெரிஞ்சிச்சுல்லா. ஏதோ போலீசு போர்டுன்னு நெனச்சேன், அண்ணாச்சி" என்றார்.

"நம்ம வட்டத்துக்கு இவ்ளோ பவர் கெடையாது" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

ஃபாலோ போர்டை இறக்கவில்லை. பிள்ளைகள் பாதி ரோட்டைக் கடந்தார்கள். மறுபாதியில் எண்ணூர்ப் பக்கமிருந்து லாரிகள் வந்துகொண்டே இருந்தன. இவர் நடுவே ஓடி, அந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தார். அவை நின்றன. அதற்குள் இந்தப் பக்கம் கிளம்பிவிட்டது. திரும்ப ஓடிவந்தார். உட்காராத மனிதருக்கு ஏற்ற உத்தியோகம்தான், ஆனாலும் நுரை தள்ளிவிட்டது. ஜோடி இல்லாமல் ஒரே ஆள் ஆடினால் அது சிங்கிள்ஸ். அந்த ரோடோ டபுள்ஸ் ரோடு.

அன்றிலிருந்து தினமும் அதுதான் பிரச்சாரம். வோட்டுப் போடுங்கள் என்று கேட்கக்கூட அவருக்கு மூச்சு இருக்காது. பிள்ளைகள்தான் கடக்கும்போது "கேரம் போர்டு! கேரம் போர்டு!" என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். என் மகள் புது டிபன் பாக்ஸைத் தட்டித் தாளம் போடுவாள்.

இது கட்சி மேலிடத்தின் காதுக்குப் போனது. வட்டத்தைக் கூப்பிட்டுக் காய்ச்சியிருக்கிறார்கள். ரோட்டை விடு, உன் ஏரியாவில் தெருமுனைக்குத் தெருமுனை எதிரி சின்னத்தைப் பல்பு போட்டு வைத்திருக்கிறார்களே, நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று கேட்டார்களாம். வட்டம், இல்லை தலைவரே, அது எங்கள் ஏரியாவில் எப்போதும் இருப்பதுதான் என்று சொல்லியிருக்கிறார். அது இன்னும் மோசமான பதிலாகிவிட்டது. புகார் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தார்.

தேர்தல் வேலைக்கு வந்திருந்த ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். ரொம்ப நல்ல மனிதர். எந்தத் தப்பும் நடந்துவிடக் கூடாது என்ற பயம் முகத்திலேயே தெரிந்தது. வோட்டுப் பதிவு முடிகிற வரை கேரம் போர்டுகளை வெளியே வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போர்டுகள் எல்லாம் வீட்டுக்குள் போயின. கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால்.

பிள்ளைகளே, எங்கள் தெரு ஆண்களை அந்த வாரங்களில் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சாயங்காலமானால் கை பரபரக்கும். ஆளுக்கொரு மூலையில் தீப்பெட்டியைச் சுண்டிக்கொண்டு நிற்பார்கள். வீட்டில் அரிசி புடைக்கப் போனார்கள், முறத்தைப் பிடுங்கிக்கொண்டு பெண்கள் விரட்டினார்கள். தெருவே ஃபாலோ ஆகிவிட்டது, யாராலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கோபமெல்லாம் ஃபாலோ மேல்தான். "சின்னத்துக்கு இந்த ஒலகத்துல வேற சாமானே கெடைக்கலியா? ஒரு பூட்ட கேட்டிருக்கலாம், ஒரு மொறத்த கேட்டிருக்கலாம்" என்று புலம்பினார்கள். தெருவில் வெளியே இருந்த ஒரே போர்டு வேட்பாளர் கையில் இருந்தது. அதைக் கண்ணால் பார்த்தாவது ஆறுதல் அடையலாம் என்று சிலர் காலையில் ரோட்டுக்கு வர ஆரம்பித்தார்கள்.

வோட்டுப் போடும் நாளும் வந்தது. இப்போதுதான் அந்தப் பெயர் வம்பு. மெஷினில் ஃபாலோ என்று தேடினோம். இல்லை. அவருடைய நிஜப் பெயர் என்னவோ நாலு எழுத்தில் இருந்திருக்கிறது, எங்களுக்கு அது யாரோ ஆள். சரி, போட்டோவைப் பார்க்கலாம் என்றால், பட்டணத்து ஸ்டுடியோவில் கோட்டு மாட்டி, பவுடர் அடித்து, உட்கார வைத்து எடுத்திருக்கிறார்கள். உட்கார்ந்த ஃபாலோவை யாருக்கு அடையாளம் தெரியும்? மிச்சம் இருந்தது சின்னம். அது கட்டைவிரல் நகம் அளவுக்கு இருந்தது. அவருக்கு மேலே இன்னொரு சுயேச்சை, எங்கள் தெருப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர். அவருக்கு ஜன்னல் சின்னம். அதுவும் சதுரம்.

ரிசல்ட் வந்தது. கட்சி ஜெயித்தது, பட்டாசு நன்றாகக் காய்ந்திருந்ததால் நன்றாகவே வெடித்தது. அந்த ஜன்னல்காரர், எங்கே இருக்கிறார் என்றே தெரியாதவர், எங்கள் பூத்தில் ஃபாலோவைத் தூக்கிச் சாப்பிட்டிருந்தார்.

ஃபாலோ தெருநடுவில் நின்று கேட்டார். "நெஜம் சொல்லுங்க. ஜன்னல்ல குத்தினவங்கல்லாம் கைய தூக்குங்க."

முதலில் தூக்கியது அஞ்சலாக்கா. "சதுரமா கீதேன்னு குத்திட்டேன். பீப்புன்னு சத்தம் வந்தப்பறம்தான் கம்பி தெரிஞ்சுது" என்றார். பிறகு வரிசையாகக் கைகள் எழுந்தன. ஃபாலோ எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து முடிக்கும்வரை நாங்கள் யாரும் தலையைத் தூக்கவில்லை.

போர்டுகள் மறுபடி தெருமுனைக்கு வந்தன. பல்பு எரிந்தது. வட்டம் லட்டு கொண்டுவந்தார். ஃபாலோ வாங்கிக்கொண்டார், சுண்டவில்லை, தின்றார். ஆட வா மாமு என்று வட்டம் கூப்பிட்டார்.

"நம்ம போர்டு இன்னும் முடியல, நைனா. ரெட்டு நடுவுலயே கீது" என்றார் ஃபாலோ. வட்டம் லட்டு டப்பாவை மூடிக்கொண்டு போனார். கோடை விடுமுறை முழுக்க இருவரும் பேசவில்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டுக்குப் போனேன். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. தேர்தல்தான் முடிந்துவிட்டதே, இனி யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு முடிவதற்குள் பின்னாலிருந்து ஃபாலோ என்னை இடித்துக்கொண்டு போனார். கையில் போர்டு. புதிதாக ரெட் ஆக்சைடு அடித்திருந்தார்.

துறைமுகப் பக்கம் நின்றது. பிள்ளைகள் பாதி ரோடு போனார்கள். ஃபாலோ மறுபக்கத்துக்கு ஓடத் திரும்பினார். ஓடவில்லை. அப்படியே நின்றார்.

மறுபக்கமும் நின்றிருந்தது. எண்ணூர்ப் பக்கத்து லாரிகளுக்கு முன்னால் இன்னொரு சிவப்பு வட்டம். அதைப் பிடித்திருந்தது நம் வட்டம். கட்சிக் கரை வேட்டி, தோளில் கட்சித் துண்டு, தலைக்கு மேலே கேரம் போர்டு. பழக்கமில்லாததால் போர்டைக் கொஞ்சம் கோணலாகப் பிடித்திருந்தார்.

"இன்னா பாக்குற?" என்று லாரிச் சத்தத்தை மீறிக் கத்தினார். "நீ ரெட்டு போட்டுட்ட. ஃபாலோ விழ வேணாமா?"

பாலம் இன்னும் வரவில்லை. ஆனால் காலையும் மாலையும் இரண்டு போர்டு நிற்கிறது. அவர்களுக்கு வேலை இருக்கிற நாளில் கேரம் ஆடுகிறவர்கள் முறை வைத்து வருகிறார்கள். வட்டத்தைக் கட்சி மேலிடம் இதற்காக மறுபடி காய்ச்சியது என்று கேள்வி. அவர் மறுநாளும் போர்டோடு வந்தார்.

அந்த முதல் நாள் காலையில், பிள்ளைகள் எல்லாரும் கடந்து, பள்ளிக்கூட மணி அடித்த பிறகு, ஃபாலோ போர்டை அந்த அடிக்கல்லில் சாய்த்து வைத்தார். படுத்திருந்த ஆட்டை லேசாகத் தள்ளினார். தள்ளிவிட்டு, அந்தக் கல்மேல் உட்கார்ந்தார். ஒரு நிமிஷம் இருக்கலாம். அதற்குள் எழுந்துவிட்டார்.

நான் பார்த்தேன், பிள்ளைகளே. சொன்ன சொல் சொன்னதுதான். இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கப்பல் விட்டுக்கொள்ளுங்கள். அவர் பெயர் இருக்கிற இடம் மட்டும் நனையாமல் மேலே வருகிற மாதிரி மடியுங்கள்.